கடற்கரை வீட்டில் டிரெட்மில், சைக்கிள்: உப்புக் காற்றிலிருந்து காப்பது எப்படி?

அம்மாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்த வருடம், தினமும் முக்கால் மணி நேரம் நடக்கச் சொன்னார் டாக்டர். மண்டபத்தில் எங்கள் வீடு தென்கடல் பக்கம். விடியற்காலையில் தெருவில் நாய்த் தொல்லை, எட்டு மணிக்கு மேல் வெயில் சுடும். சரி என்று ஒரு டிரெட்மில் வாங்கினோம். நல்ல காற்று வருகிறது, கடலும் தெரிகிறது என்று மாடி ஹாலில் ஜன்னலை ஒட்டிப் போட்டோம். பதினான்காவது மாதம் நின்றுபோனது. மதுரையிலிருந்து வந்த மெக்கானிக் மோட்டார் மூடியைக் கழற்றி உள்ளே மோட்டாரை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டைக் காட்டினார். செம்புக் கோடுகளின் மேல் பச்சை பூத்திருந்தது. “இது ஓடித் தேயலக்கா, உப்புக் காத்துல நின்னே கெட்டிருக்கு” என்றார்.

போர்டை மாற்றி, இடத்தை மாற்றி, பராமரிக்கக் கற்றுக்கொண்ட பிறகு அதே மெஷின் இன்னும் ஓடுகிறது. ராமநாதபுரம் கடற்கரையில் புதிதாக டிரெட்மில்லோ உடற்பயிற்சி சைக்கிளோ வாங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மெஷினோடு வரும் கையேட்டில் பெல்ட், எண்ணெய் பற்றியெல்லாம் இருக்கும். உப்பைப் பற்றி அநேகமாக ஒரு வரிகூட இருக்காது. நமக்கோ அதுதான் முதல் பாடம்.

உப்பு என்ன செய்கிறது

காற்றில் வரும் நுண்ணிய கடல்துளி காய்ந்து, இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புப் படலமாக உட்காருகிறது. காய்ந்த உப்பால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அது இன்னும் குறைந்த ஈரப்பதத்திலேயே கசியும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி நசநசவென்று ஆவதைப் பார்த்திருப்பீர்களே, மெஷினின் மேலும் அதுதான் நடக்கிறது. மழை படாவிட்டாலும், தண்ணீர் சிந்தாவிட்டாலும், இரவு முழுக்க உங்கள் டிரெட்மில் உப்புத் தண்ணீரில் நனைந்துகொண்டுதான் இருக்கிறது. வியர்வையும் உப்புதான் என்பதால் கைப்பிடியிலும் சைக்கிள் சீட்டுக்குக் கீழேயும் இரட்டைப் பங்கு.

பாம்பன் பழைய ரயில் பாலம் 1914இல் திறந்தது. துருவைச் சுரண்டிச் சுரண்டிப் பெயின்ட் அடித்துத்தான் நூறு வருடத்துக்கு மேல் அதைக் காத்தார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பி, தனிவகைப் பூச்சு என்று முதலிலேயே ஏற்பாடு செய்தார்கள். அந்தக் காற்றுதான் நம் வீட்டு ஜன்னல் வழியாகவும் வருகிறது.

ஆக, இங்கே பராமரிப்பு என்பது உப்பை உட்காரவிடாமல் துடைப்பது. எண்ணெய் போடுவது, போல்ட் முடுக்குவது எல்லாம் அதற்கு அடுத்துதான்.

முதல் படி: இடம்

மெஷின் வீட்டுக்கு வரும் முன்பே இடத்தை முடிவு செய்யுங்கள். கடலைப் பார்த்த வராண்டா, மொட்டை மாடியில் தகரக் கொட்டகை, கார் நிறுத்தும் இடம் மூன்றும் வேண்டாம். கடலுக்கு முதுகு காட்டும் உள் அறைதான் நல்லது. தேவிபட்டினம், தொண்டி மாதிரி வடகடல் பக்கம் வீடு என்றால் வாடைக் காற்று அடிக்கும் மாதங்களில் பாதிப்பு அதிகம். ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் என்று தென்கடல் பக்கம் என்றால் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றுக் காலம்தான் கடினம், மணலும் சேர்ந்து வரும். ராமேசுவரம் தீவில் இருப்பவர்களுக்கு இரண்டும் உண்டு. உங்கள் வீட்டில் எந்த ஜன்னல் கம்பி முதலில் துருப்பிடித்தது என்று பாருங்கள். அந்த ஜன்னல் உள்ள அறை மெஷினுக்கு ஆகாது.

ஏ.சி. அறை கிடைத்தால் மிக நல்லது, ஏ.சி. காற்றிலிருந்து ஈரத்தை எடுத்துவிடும். ஆனால் ஏ.சி.யை நிறுத்தியதும் கடல் பக்க ஜன்னலைத் திறக்காதீர்கள். குளிர்ந்த இரும்பின் மேல் வெளிக்காற்றின் ஈரம் வேர்த்துவிடும். குறைந்தது அரை மணி நேரம் போகட்டும்.

தரையோடு இரும்பு ஒட்டி நிற்காமல் கீழே ரப்பர் மேட் போடுங்கள். டிரெட்மில்லுக்குப் பின்னால் ஆள் விழுந்தால் சுவரில் மோதாத அளவுக்கு, ஓர் ஆள் நீளமாவது இடம் விடுங்கள். மெஷினை மூட பிளாஸ்டிக் கவரோ தார்ப்பாயோ வேண்டாம். அது ஈரத்தை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும். பழைய பருத்திப் போர்வை போதும். மேலே படும் உப்பைத் தானே வாங்கிக்கொள்ளும், காற்றும் போய்வரும், வாரம் ஒருமுறை துவைத்துவிடலாம்.

மின்சாரம்

டிரெட்மில்லுக்கு 16 ஆம்பியர் சாக்கெட் தனியாக வேண்டும். மிக்ஸி, அயர்ன் பாக்ஸ் போடும் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருகாதீர்கள். வோல்டேஜ் ஏறி இறங்கும் ஊர் என்றால் ஸ்டெபிலைசர் போடுங்கள். மோட்டாரின் வாட் அளவைக் கடைக்காரரிடம் காட்டி, அதைத் தாங்கும் அளவில் வாங்குங்கள், ஃப்ரிட்ஜுக்குப் போடும் சின்னது தாங்காது. வீட்டு இன்வெர்ட்டரில் டிரெட்மில்லை ஓட்டவே கூடாது. கரண்ட் போனால் உடனே சுவிட்சை அணையுங்கள், திரும்பி வந்ததும் இரண்டு மூன்று நிமிடம் கழித்துப் போடுங்கள். இடி மின்னல் என்றால் பிளக்கையே உருவி விடுங்கள்.

எர்த் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். உப்பு மண்ணில் புதைத்த எர்த் குழாய் வெகு சீக்கிரம் அரித்துப்போகும். வீடு கட்டும்போது போட்ட எர்த் இன்று இருக்கிறதா என்று பலருக்குத் தெரியாது. மெஷின் வாங்கியதும் எலக்ட்ரீஷியனை அழைத்து அளந்து பார்க்கச் சொல்லுங்கள், பிறகு வருடம் ஒருமுறை. கசிவு வந்தால் மின்சாரத்தை வெட்டும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் இல்லாவிட்டால் அதையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள். வியர்த்த கையோடும் வெறுங்காலோடும் நிற்கிற மெஷின் இது. கைப்பிடியில் லேசாகச் சுரீர் என்றால்கூட, எர்த்தைப் பார்க்கும்வரை யாரையும் ஏறவிடாதீர்கள்.

வாராவாரம் துடைப்பது

எந்தத் தண்ணீரில் துடைக்கிறோம் என்பதில்தான் புதியவர்கள் தவறுகிறார்கள். நம் பக்கம் நிறைய வீடுகளில் போர் தண்ணீர் உப்பு. அதில் நனைத்த துணியால் துடைத்தால், உப்பைத் துடைத்து உப்பையே பூசுகிறோம். குடத்துக்கு விலை கொடுத்து வாங்கும் நல்ல தண்ணீரோ, குழாயில் வரும் காவிரித் தண்ணீரோ, பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ ஒரு சொம்பு எடுங்கள். ஒரு சொம்பு போதும், அதற்குக் கஞ்சம் பார்க்காதீர்கள்.

பிளக்கை உருவுங்கள். இரண்டு பருத்தித் துணி வேண்டும். ஒன்றை நல்ல தண்ணீரில் நனைத்துச் சொட்டுக்கூட விழாதபடி பிழிந்து, மேலிருந்து கீழாகத் துடையுங்கள். கைப்பிடி, தூண்கள், பக்கவாட்டுக் கால் வைக்கும் பட்டை, கடைசியாக அடிச்சட்டம். துணி அழுக்கானதும் அலசுங்கள். டிஸ்ப்ளேயில் ஈரத்துணி படக்கூடாது, காய்ந்த துணி மட்டும். பிறகு இரண்டாவது துணியால் உடனே ஈரம் போகத் துடையுங்கள். இந்த இரண்டாவது துடைப்பை விட்டுவிட்டால் முதல் துடைப்பால் பலன் இல்லை. சோப்புத் தூள், பினாயில், கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் தேவையில்லை.

யாரும் பார்க்காத இடங்கள்தான் முதலில் துருப்பிடிக்கும். சக்கரங்களின் அச்சு, மடக்கும் டிரெட்மில்லின் கீல், அடிச்சட்டத்தின் உள்மூலை, போல்ட் தலைகள். துடைத்துக் காய்ந்த பிறகு போல்ட் தலைகளில் விரல் நுனியால் வாசலினை மெல்லிய படலமாகத் தடவுங்கள். மாதம் ஒருமுறை செய்தால் போதும். எங்கள் வீட்டில் இது வெள்ளிக்கிழமை வேலை. வீடு துடைக்கும்போதே பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

தினமும் நடந்து முடித்ததும் கைப்பிடி வியர்வையை ஒரு துண்டால் துடைப்பது தனி. அது பல் துலக்குவது மாதிரி.

டிரெட்மில் பெல்ட்

பெல்ட்டுக்கும் அதன் கீழே இருக்கும் பலகைக்கும் நடுவே வழவழப்பு வேண்டும். அது குறைந்தால் உராய்வு கூடும், மோட்டார் அதிகக் கரண்ட் இழுக்கும், போர்டு சூடாகும். நல்ல போர்டுகள் எரிந்துபோவதற்குக் காய்ந்த பெல்ட் ஒரு முக்கியக் காரணம்.

மெஷினை அணைத்து பிளக்கை எடுத்துவிட்டு, பெல்ட்டின் ஓரத்தைத் தூக்கி நடுப்பகுதிவரை கையை விட்டுப் பாருங்கள். விரலில் வழுக்கல் தெரிந்தால் எண்ணெய் இருக்கிறது. சொரசொரவென்று காய்ந்திருந்தால் போட வேண்டும். தினமும் அரை மணி, முக்கால் மணி நடக்கும் வீட்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெரும்பாலும் தேவைப்படும். மெழுகு பூசிய பலகை உள்ள சில மாடல்களுக்கு எண்ணெயே போடக்கூடாது, ஆகவே கையேட்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

போட வேண்டியது சுத்தமான சிலிக்கான் ஆயில் மட்டும். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், இன்ஜின் ஆயில், துரு இளக்கும் ஸ்ப்ரே எதுவும் வேண்டாம். அவை பெல்ட்டின் அடிப்பக்கத்தைக் கெடுக்கும், மணலையும் பிடித்துக்கொள்ளும். நம் ஊர் மணல் எண்ணெயோடு சேர்ந்தால் எமரி பேப்பர்தான். அதனால் எண்ணெய் போடும் முன் ஒரு காய்ந்த துணியைப் பெல்ட்டுக்கு அடியில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் விட்டு, இரு முனையையும் பிடித்து முன்னும் பின்னும் இழுத்து மணலை எடுத்துவிடுங்கள். அப்புறம் ஒவ்வொரு பக்கத்திலும் சுமார் 10 மில்லி, உள்ளே தள்ளி, வளைந்து வளைந்து விடுங்கள். பெல்ட்டின் மேல்பக்கம் சிந்தினால் உடனே துடையுங்கள், வழுக்கி விழுவோம். மெஷினை மெதுவாக, மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் ஓடவிட்டு ஐந்து நிமிடம் அகலம் முழுக்கக் காலை வைத்து நடங்கள். எண்ணெய் பரவிவிடும்.

பெல்ட் ஒரு பக்கமாக நகர்ந்து ஓடுவது அடுத்த பிரச்சினை. பெரும்பாலும் தரை சமமாக இல்லாததுதான் காரணம், முதலில் அதைப் பாருங்கள். தரை சரியாக இருந்தால் மெஷினின் பின்பக்கம் இரு ஓரத்திலும் உள்ள போல்ட்டைத் தொட வேண்டும். மெஷினோடு வந்த எல் வடிவச் சாவிதான் அதற்கு. ஆள் ஏறாமல் மணிக்கு 4, 5 கிலோமீட்டரில் ஓடவிட்டுப் பெல்ட் போகும் பக்கத்தைப் பாருங்கள். இடது பக்கம் போனால் இடது போல்ட்டைக் கடிகாரம் சுற்றும் திசையில் கால் சுற்று. வலது பக்கம் போனால் வலது போல்ட்டைக் கால் சுற்று. ஒரு நிமிடம் பொறுங்கள், பெல்ட் மெதுவாகத்தான் நகரும். போதவில்லை என்றால் இன்னும் கால் சுற்று. அவசரப்பட்டு ஒரே மூச்சில் முழுச் சுற்று திருப்பினால் அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போய் ஓரம் கிழியும். புடவைத் தலைப்பு, துப்பட்டா, விரல் எதுவும் ரோலர் பக்கம் போகக்கூடாது. குழந்தைகளை அறைக்கு வெளியே அனுப்பிவிட்டுச் செய்யுங்கள்.

காலை வைக்கும்போது பெல்ட் ஒரு கணம் தயங்கி வழுக்கினால் தளர்ந்திருக்கிறது. இரண்டு போல்ட்டையும் ஒரே அளவு, கால் சுற்று மட்டும் முடுக்குங்கள். அணைத்த பிறகு நடுவில் ஓரத்தைத் தூக்கினால் 5 முதல் 7 சென்டிமீட்டர் எழ வேண்டும். வீணைத் தந்தி மாதிரி இழுத்துக் கட்டினால் ரோலரின் பேரிங்கும் மோட்டாரும் தேயும்.

மோட்டார் மூடிக்கு உள்ளே

மூடியைத் திறந்து சுத்தம் செய்வது மூன்று மாதத்துக்கு ஒருமுறை, காற்றில் மணல் பறக்கும் மாதங்களில் மாதம் ஒருமுறை. பிளக்கை உருவிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். போர்டில் உள்ள கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். ஸ்க்ரூக்களைக் கழற்றி ஒரு கிண்ணத்தில் போட்டு வையுங்கள். உள்ளே மணல், முடி, பஞ்சு, சில வீடுகளில் பல்லி முட்டைகூட இருக்கும். பல்லி போர்டின் மேல் ஓடினாலே ஷார்ட் ஆக வாய்ப்பு உண்டு. காய்ந்த, மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் தள்ளிக்கொண்டே வேக்குவம் கிளீனரால் உறிஞ்சுங்கள். புளோயரால் ஊதாதீர்கள், உப்புத் தூசி போர்டுக்குள்ளும் மோட்டாருக்குள்ளும் போய் ஒளிந்துகொள்ளும். ஈரத்துணி உள்ளே போகவே கூடாது.

பச்சைப் பூப்போ கருகின வாசனையோ தெரிந்தால் மூடிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ராமேசுவரத்திலிருந்து மதுரை சுமார் 170 கிலோமீட்டர். அவர் வரும் செலவே கணிசம் என்பதால், டிஸ்ப்ளேயில் தெரியும் பிழைக் குறியீட்டையும் போர்டையும் போட்டோ எடுத்து முதலில் அனுப்பிவிடுங்கள். சரியான பாகத்தோடு வருவார்.

சைக்கிள், கிராஸ் டிரெய்னர்

உடற்பயிற்சி சைக்கிளில் பெரிய எலக்ட்ரானிக்ஸ் இல்லை என்பதால் கடற்கரைக்கு அது பாதுகாப்பானது. புதிதாக வாங்க நினைத்து, உள் அறை இல்லை என்றால், என் யோசனை சைக்கிள்தான். ஆனால் அதில் ஒன்று கட்டாயம். சீட் தண்டை மாதம் ஒருமுறை முழுக்க வெளியே எடுத்துத் துடைத்து, மெல்லிய கிரீஸ் தடவிப் போடுங்கள். உயரம் மாற்றாமல் ஒரு வருடம் விட்டால் குழாய்க்குள்ளேயே துருப்பிடித்துப் பிடித்துக்கொள்ளும், பிறகு சுத்தியலால் அடித்தாலும் வராது. கீழக்கரையில் என் தோழி வீட்டில் அப்படி இறுகிப்போய், குட்டையான அவள் மாமியார் ஏற முடியாமலே போனது.

பெடல் மாட்டும்போது இடது பெடலின் மரை தலைகீழ் என்பதை நினைவில் வையுங்கள். வலது பெடல் வழக்கம்போல் வலப்பக்கம் திருப்பினால் இறுகும், இடது பெடல் இடப்பக்கம் திருப்பினால் இறுகும். மாற்றித் திருப்பி மரையை அழித்துவிட்டால் பெடலைத் தாங்கும் கிராங்க் தண்டையே மாற்ற வேண்டும். மாட்டும் முன் மரையில் கிரீஸ் வையுங்கள். மிதிக்கும்போது டக் டக் என்று கேட்டால் அன்றே கிராங்க் நட்டை முடுக்குங்கள், ஆட்டத்தோடு மிதித்தால் துளை தேய்ந்து அப்புறம் எவ்வளவு முடுக்கினாலும் நிற்காது. டிஸ்ப்ளே பேட்டரியில் ஓடுகிறது என்றால், பயன்படுத்தாத மாதங்களில் பேட்டரியை எடுத்துவிடுங்கள்.

கையையும் காலையும் சேர்த்து அசைக்கும் கிராஸ் டிரெய்னரில் மூட்டுகள் அதிகம். கிறீச் என்று சத்தம் வரும் மூட்டைக் கழற்றித் துடைத்து லித்தியம் கிரீஸ் வைத்தால் சரியாகும்.

துரு வந்துவிட்டால்

ஒரு காசு அளவு இருக்கும்போதே பிடியுங்கள். எமரி பேப்பரால் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, நல்ல தண்ணீர்த் துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, தின்னரால் ஒருமுறை துடையுங்கள். உப்பு இருக்கும்போதே மேலே பெயின்ட் அடித்தால் உள்ளுக்குள் கொப்பளித்துப் பெயர்ந்துவிடும். பிறகு ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கோட், எனாமல் பெயின்ட் இரண்டு கோட்.

துருப்பிடித்த போல்ட்டுக்குப் பதில் துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் போடலாமா என்று கேட்பார்கள். மூடிகளைப் பிடிக்கும் சின்ன ஸ்க்ரூக்களுக்குப் போடலாம். கடையில் 316 ரகம் என்று கேளுங்கள், சாதாரண 304 ரகம் கடலோரத்தில் பழுப்புக் கறை பிடிக்கும். ஆனால் எடை தாங்கும் போல்ட்டுகளுக்குக் கம்பெனி கொடுத்த அதே அளவும் அதே பலமும்தான் வேண்டும்.

பெயின்ட் வேலைக்கும் முழுச் சோதனைக்கும் நல்ல காலம் மீன்பிடித் தடைக்காலத்தின் தொடக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். அப்போது படகுகளைக் கரையேற்றிச் சுரண்டிப் பெயின்ட் அடிப்பதைப் பாம்பன், மண்டபம் பக்கம் பார்க்கலாம். காய்ந்த வெயில் இருக்கும், கச்சான் முழுவேகம் பிடித்திருக்காது. நாங்களும் அந்தச் சமயத்தில்தான் எங்கள் மெஷினைத் திருப்பிப் போட்டு அடிச்சட்டம் பார்க்கிறோம். அக்டோபரில் மழை தொடங்கும் முன் இன்னொரு முறை போல்ட், எர்த், வாசலின் பார்த்துவிட்டால் டிசம்பர் வரை கவலை இல்லை.

வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவர்களுக்கு

வளைகுடாவில் பிள்ளைகளிடம் மூன்று மாதம், ஆறு மாதம் போய்வருகிறவர்கள் இங்கே அதிகம். பூட்டிய அறையில் நிற்கும் மெஷின்தான் சீக்கிரம் கெடுகிறது. போகும் முன் நல்ல தண்ணீரில் துடைத்து, முழுக்கக் காயவிட்டு, தெரியும் இரும்பில் எல்லாம் வாசலின் தடவுங்கள். பெல்ட்டில் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரியையும், செருகினால்தான் டிரெட்மில் ஓடும் பாதுகாப்புச் சாவியையும் எடுத்து அலமாரியில் வையுங்கள். பருத்திப் போர்வைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் சில போடலாம், ஆனால் அவை சில வாரத்தில் ஈரம் குடித்து நிறைந்துவிடும். அதைவிட, சாவி கொடுத்து வைத்திருக்கும் உறவினரிடம் மாதம் ஒருமுறை வெயில் நேரத்தில் வந்து அறையைத் திறந்து, மெஷினைப் பத்து நிமிடம் வெறுமனே ஓடவிடச் சொல்லுங்கள்.

திரும்பி வந்ததும் உடனே ஏறிவிடாதீர்கள். மூடியைத் திறந்து பல்லி, எறும்பு, பச்சைப் பூப்பு பாருங்கள். ஒயரை எலி கடித்திருக்கிறதா என்று முழு நீளமும் தடவிப் பாருங்கள். பெல்ட்டுக்கு அடியில் கையை விட்டு எண்ணெய் பாருங்கள். பிறகு பிளக்கைச் சொருகி, குறைந்த வேகத்தில் ஆள் இல்லாமல் ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பக்கத்தில் நின்று கேளுங்கள். சத்தம் சீராக வந்து, வாசனை எதுவும் இல்லை என்றால் செருப்பை மாற்றிக்கொண்டு ஏறலாம்.